பிந்தி வளர்ந்த பொடியன்: உடல் வளர்ச்சிக்கும் ஆளுமைக்கும் என்ன தொடர்பு?

தரம் 9இற்கு நான் வகுப்பாசிரியராக இருந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்வரிசையின் நடுவில், மீசை அரும்பிய, என்னைவிட உயரமான மாணவன் ஒருவன். முன்வரிசையின் ஓரத்தில், தரம் 6 பிள்ளை வழிதவறி வந்து நின்றதுபோல இன்னொருவன். இருவருக்கும் வயது 14. பிறந்த நாளில் மூன்று வாரந்தான் வித்தியாசம்.

உயரமானவனை வகுப்புத் தலைவனாக்கினேன். சின்னவனை எதற்கும் கூப்பிட்டதாக நினைவில்லை. வகுப்பில் அவனை எல்லோரும் 'நெத்தலி' என்றார்கள். நானும் ஓரிரு முறை சிரித்திருக்கிறேன். ஆண்டிறுதித் தேர்ச்சி அறிக்கையில் ஒருவனுக்கு 'பொறுப்புணர்ச்சியும் தலைமைத்துவமும் உடையவர்' என்றும், மற்றவனுக்கு 'விளையாட்டுத்தனத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்' என்றும் எழுதினேன். இரண்டு பிள்ளைகளின் ஆளுமையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அப்போது நம்பினேன்.

அப்படி நம்புவதற்கு எனக்குக் கிடைத்த படிப்பும் ஒரு காரணம். ஆசிரியப் பயிற்சியில் 'ஆளுமை' என்ற பாடம் வந்ததும் முதலில் மனனம் செய்த பெயர்கள் கிரெட்ச்மரும் ஷெல்டனும். ஜேர்மன் உளமருத்துவரான ஏர்ன்ஸ்ட் கிரெட்ச்மர், உடலமைப்பையும் குணத்தையும் தொடர்புபடுத்தி 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். மெலிந்த உடலினர் ஒதுங்கிய சுபாவமும் மனச்சிதைவை நோக்கிய சாய்வும் உடையவர்கள், பருத்தவர்கள் கலகலப்பும் மனநிலை ஏற்றத்தாழ்வும் உடையவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. அவர் பார்த்தது தம்மிடம் வந்த நோயாளிகளை. மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். இளவயதினர் மெலிந்திருப்பது வழக்கம். மற்றைய நோயாளிகள் வயதில் மூத்தவர்கள். வயது போகப் போக உடல் பருக்கும். வயதின் விளைவு உடலமைப்பின் விளைவாகத் தோற்றமளித்திருக்கக்கூடும் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1940களில் இதை எண்களாக்கினார். பருமன், தசைக்கட்டு, மெலிவு ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிட்டு, குணத்துக்கும் அவ்வாறே புள்ளியிட்டார். இரண்டுக்கும் இடையில் 0.8 அளவில் மிக உயர்ந்த இணைபு கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும்? உடலுக்குப் புள்ளியிட்டவரும் அவர், குணத்துக்குப் புள்ளியிட்டவரும் அவரே. பல்கலைக்கழக மாணவர்களை நிர்வாணமாகப் படமெடுத்துச் சேர்த்த அவருடைய முறையும் பிற்காலத்தில் பெரும் சர்ச்சையானது. அவருடைய மூவகைப் பாகுபாடு இன்று உளவியலில் வரலாறாகவே எஞ்சியிருக்கிறது. உடற்பயிற்சி நிலையங்களிலும் எங்கள் பரீட்சைக் குறிப்புகளிலும் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

உடலின் வடிவத்தை விட்டு, உடல் வளரும் காலத்தைக் கவனித்தவர்களிடமே எனக்கு உதவிய பதில் இருந்தது. கலிபோர்னியாவின் ஒக்லண்டில் 1932இல் ஒரு நீண்டகால வளர்ச்சி ஆய்வு தொடங்கியது. அதில் பணியாற்றிய மேரி கவர் ஜோன்ஸும் நான்சி பெய்லியும் 1950இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு முதிர்ச்சியை எக்ஸ்ரே மூலம் கணித்து, முந்தி வளர்ந்த 16 பையன்களையும் பிந்தி வளர்ந்த 16 பையன்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். முந்தி வளர்ந்தவர்களைப் பெரியவர்களும் சக மாணவர்களும் முதிர்ந்தவர்களாக நடத்தினார்கள். பாடசாலைத் தலைவர்கள் பெரும்பாலும் அவர்களிலிருந்தே வந்தார்கள். பிந்தியவர்கள் பதற்றமுள்ளவர்களாக, கவனத்தைத் தேடித் துள்ளுபவர்களாகக் காணப்பட்டார்கள். என் தேர்ச்சி அறிக்கையில் இருந்த 'விளையாட்டுத்தனம்' இதுதான். சின்னப்பிள்ளையாக நடத்தப்படுகிறவன் வேறெப்படி நடந்துகொள்வான்?

அதே பையன்கள் 33 வயதளவில் மீண்டும் ஆராயப்பட்டார்கள். உயர வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. குண வித்தியாசத்தில் ஒரு பகுதி மறையவில்லை. முந்தியவர்கள் பொறுப்பும் கட்டுப்பாடும் மிக்கவர்களாக, சற்று வளைந்துகொடுக்காதவர்களாக இருந்தார்கள். பிந்தியவர்களிடம் உணர்ச்சியை வெளிக்காட்டும் இயல்பும் தம்மைத் தாமே புரிந்துகொள்ளும் தன்மையும் கூடுதலாக இருந்தன. சிறிய எண்ணிக்கைதான், ஓர் ஊர், ஒரு காலம். ஆனாலும் உடல் சமப்பட்ட பிறகும் மற்றவர்கள் நடத்திய விதத்தின் தழும்பு நின்றது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

ஏன் ஒரே வயதில் இவ்வளவு வித்தியாசம்? மூளையிலுள்ள பரிவகக்கீழ் பகுதி தூண்ட, கபச்சுரப்பியும் அதைத் தொடர்ந்து பாலுறுப்புச் சுரப்பிகளும் ஓமோன்களைச் சுரக்கும்போது கட்டிளமைப் பருவம் தொடங்குகிறது. பரம்பரை, போசாக்கு, நோய் எல்லாம் அந்த நேரத்தை முன்பின்னாக நகர்த்தும். பெண்பிள்ளைகளில் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் எப்போது தொடங்கினாலும் இயல்பே. இங்கிலாந்தின் ஜேம்ஸ் டானர், ஹார்ப்பென்டன் என்ற இடத்தில் ஒரு சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் அளந்து, 1969இலும் 1970இலும் இந்த மாற்றங்களை ஐந்து கட்டங்களாக விவரித்தார். வைத்தியர்கள் இன்றும் பாவிப்பது அதைத்தான். உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் வருகிறது. தரம் 7 வகுப்பறையில் பெண்பிள்ளைகள் அக்காமார்போலவும் பொடியன்கள் தம்பிமார்போலவும் தெரிவது இதனால்தான்.

பெண்பிள்ளைகளில் கதை வேறு. அங்கே முந்தி வளர்வதுதான் பெரும்பாலும் பாரமாகிறது. சுவீடனில் பெண்பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஸ்டாட்டினும் மக்னுசனும் 1990இல் எழுதிய நூலில், முந்திப் பருவமடைந்தவர்கள் கட்டுப்பாடுகளை மீறுவதற்கும் அவர்களுக்கு வயதில் மூத்த நண்பர்கள் இருந்ததற்கும் தொடர்பு கண்டார்கள். நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது: இந்தத் தாக்கம் கலவன் பாடசாலைகளில் தெரிந்தது, பெண்கள் பாடசாலைகளில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஓமோன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் சாமத்திய வீடும் இருக்கிறது. நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்துப் பிள்ளையின் உடம்பைத் தேற்றும் வழக்கத்தில் எனக்கு மனக்குறை இல்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றி, ஊர் முழுக்கப் பதாகை கட்டி, அடுத்த திங்கட்கிழமை முதல் "இனி நீ பெரியபிள்ளை, ஓடாதே, சத்தமாய்ச் சிரிக்காதே" என்று சொல்வதில்தான் இருக்கிறது. முதல் ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடியவள், அடுத்த ஆண்டு மரநிழலில் புத்தகப்பையால் நெஞ்சை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். 'அடக்கமான பிள்ளை' என்று அவளுடைய அறிக்கையில் யாராவது எழுதியிருப்பார்கள்.

இந்த வயதில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பிள்ளைக்கு எழுவது இயல்பு. டேவிட் எல்கைண்ட் 1967இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றார். முந்தியவளுக்கும் பிந்தியவனுக்கும் அந்தப் பார்வையாளர்கள் முழுக்கக் கற்பனையானவர்கள் அல்லர்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் உயரமும் நிறையும் அளக்கிறார்கள். அந்த அட்டையை வகுப்பாசிரியர் எடுத்துப் பார்ப்பது அரிது, நானும் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைக்கு 14 வயது கடந்தும், பெண்பிள்ளைக்கு 13 வயது கடந்தும் பருவ மாற்றம் எதுவும் தொடங்கவில்லை என்றாலோ, பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும் ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னும் தொடங்கிவிட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். அநேகமாகப் பயப்பட எதுவும் இருக்காது. சில வேளைகளில் இருக்கும்.

நெத்தலியைக் கொண்டுபோய்க் காட்டியவர் அவனுடைய அம்மா. இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர், எலும்பின் வயது 12தான், தகப்பன் எப்போது வளர்ந்தவர் என்று கேட்டாராம். தகப்பனும் பதினாறு வயதுக்குப் பிறகு உயர்ந்தவர்தான். சாதாரண தரப் பரீட்சை எழுத வந்தபோது அவன் என் தோளைத் தாண்டியிருந்தான். குரலும் உடைந்திருந்தது. "சேர், இப்ப கரும்பலகை எட்டும்" என்றான். அவன் உயரத்தைப் பற்றி நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவனுக்கு இருந்தது.