வென்றது எது?

1415ஆம் ஆண்டு, அசின்கோர்ட் களத்திலே பிரெஞ்சுப் பிரபுக்களின் பெரும்படை சாய்ந்தது. ஆண்டவன் அளித்த வெற்றி என்றான் இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றி. சாய்த்தவர் யார்? பட்டமும் பரம்பரையும் அற்ற வில்லாளிகள்! ஏந்தியது எது? யூ மரத்து வில்!

ஏன் அம்மரம்? அதன் செந்நிற வைரம் அமுக்கத்தைத் தாங்கும். மேலுள்ள வெண்ணிற வெளிறு இழுப்பைத் தாங்கும். வைரம் வில்லாளியை நோக்க, வெளிறு பகைவனை நோக்கச் செதுக்கினர். நம் தச்சர் வேண்டாமென்று கழிக்கும் வெளிறு, அங்கே வில்லின் உயிர்!

உள்நாட்டு மரம் போதவில்லை. அருள் இருந்தும் மரம் இல்லையே! 1472இல் சட்டம் பிறந்தது: வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் வணிகர், சரக்கில் டன்னுக்கு நான்கு வில்தடி கொணர்தல் வேண்டும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் மீட்ட நூற்றுக்கு மேற்பட்ட விற்களும் யூ மரமே.