ரோ 80: நல்ல காரும் ஒரு சிறு பட்டையும்

வரலாற்றுக் கட்டுரையில் 'காரணங்களை விளக்குக' என்று கேட்டால், பலர் ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒரு காரின் கதையை வைத்து இதைப் பார்ப்போமா?

ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரில் இருந்த என்.எஸ்.யூ. நிறுவனம் 1873-இல் பின்னல் இயந்திரங்களோடு தொடங்கியது. அப்புறம் மோட்டார் சைக்கிள், சின்னக் கார் என்று வளர்ந்தது. அந்த நிறுவனம்தான் 1967-இல் உயர்தரக் குடும்பக் காரான ரோ 80-ஐ வெளியிட்டது.

கிளவுஸ் லூத்தே வடிவமைத்த அந்தக் காருக்குத் தாழ்ந்த முன்பக்கம், உயர்ந்த பின்பக்கம், அகலமான கண்ணாடிகள். காற்றைக் கிழித்துச் செல்ல ஏற்ற வடிவம். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். கிளட்ச் மிதி கிடையாது. கியர் மாற்றக் கையை வைத்தாலே போதும். 1968-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதும் கிடைத்தது. சும்மாவா கொடுப்பார்கள்?

சிக்கல் எஞ்சினில் இருந்தது. பெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய சுழல் எஞ்சின் அது. மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி சுற்றும். அதன் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் தடுக்க மெல்லிய பட்டைகள் உண்டு. அந்தப் பட்டைகள் சீக்கிரமே தேய்ந்தன. 50,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாமல் பல எஞ்சின்கள் படுத்துவிட்டன. எஞ்சின் அதிராமல் ஓடியதால், அளவுக்கு மீறிச் சுழல்வதே ஓட்டுநருக்குத் தெரியாது. அதனால் பின்னாளில் எச்சரிக்கை ஒலி பொருத்த வேண்டியதாயிற்று.

நிறுவனம் கைவிரிக்கவில்லை. உத்தரவாதப்படி புது எஞ்சின் மாற்றித் தந்தது. ஆனால் அந்தச் செலவு சிறிய நிறுவனத்தின் முதுகை முறித்தது. 1969-இல் அது வோல்க்ஸ்வேகனின் கீழ் ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டது. பட்டைகள் பிறகு மேம்படுத்தப்பட்டன. போன பெயர் திரும்பவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில், எண்ணெயை அதிகம் குடிக்கும் எஞ்சினுக்கு மேலும் அடி. 1977-இல் உற்பத்தி நின்றது. மொத்தம் 37,000-க்குச் சற்று மேற்பட்ட கார்களே வெளிவந்தன.

இப்போது சொல்லுங்கள், 'சுழல் எஞ்சின் மோசமானது, அதனால் தோற்றது' என்று எழுதலாமா? கூடாது. அதே வகை எஞ்சினோடுதான் ஜப்பானின் மஸ்டா 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்றது. எனவே அந்த யோசனையைக் குறை சொல்ல முடியாது. போதுமான சோதனை முடியும் முன்பே கார் விற்பனைக்கு வந்தது. பழுதின் செலவைத் தாங்கும் பலமும் நிறுவனத்துக்கு இல்லை.

பட்டை தேய்ந்தது, எஞ்சின் பழுதானது, செலவு ஏறியது, நிறுவனம் தனித்தன்மையை இழந்தது. மாணவர்களே, காரணங்களை இப்படிச் சங்கிலியாகக் கோத்து எழுதிப் பாருங்கள். உங்கள் விளக்கம் தானாகவே வலுப்பெறும்.