அணுமின் நிலையம்: மின்சாரம் உருவாவது எப்படி?

ஜொகூரில் தரவு மையங்கள் பெருகப் பெருக, மின்சாரத் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அணுமின்சாரமும் விவாதத்திற்கு வருகிறது. மலேசியாவில் இன்னும் அணுமின் நிலையம் கிடையாது. வேண்டும், வேண்டாம் என்று கருத்துச் சொல்லும் முன் அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

நாம் அறிந்த பகுதி

பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பின் மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்க வைக்கிறார்கள். நீராவி வேகமாகப் பாய்ந்து டர்பைனைச் சுழற்றுகிறது. அதோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. பயன்பட்ட நீராவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது.

அணுமின் நிலையத்திலும் இதேதான் நடக்கிறது. நீரைச் சூடாக்கும் முறை மட்டுமே வேறு.

யுரேனியம் தரும் வெப்பம்

இயற்கை யுரேனியத்தில் சுமார் 0.7 விழுக்காடுதான் யுரேனியம்-235. இதன் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் மோதினால் அது இரண்டாகப் பிளந்து வெப்பத்தை வெளியிடும். கூடவே இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்கள் வெளிவந்து மற்ற அணுக்களைப் பிளக்கும். இதுவே தொடர்வினை.

நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலைக்குள் இறக்கினால் தொடர்வினை குறையும். முழுவதும் இறக்கினால் நின்றுவிடும். இங்கே எதுவும் எரிவதில்லை என்பதால் புகையும் இல்லை, கரியமில வாயுவும் வெளியாவதில்லை.

கூடங்குளம் ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூடங்குளத்தில், ரஷ்யத் தொழில்நுட்பத்தில் அமைந்த தலா 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு இயங்குகின்றன. முதல் அலகு 2013-இலும் இரண்டாவது 2016-இலும் மின்தொகுப்பில் இணைந்தன.

அங்கே மூன்று நீரோட்டங்கள் உள்ளன. முதல் நீர் உலைக்குள் சென்று ஏறத்தாழ 320 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும் அல்லவா? இங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 150 மடங்குக்கும் அதிகம் என்பதால் அந்த நீர் கொதிப்பதே இல்லை. அதன் வெப்பம் மெல்லிய குழாய்களின் சுவர் வழியாக இரண்டாவது நீருக்குச் செல்கிறது. அந்த நீர்தான் ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. மூன்றாவதான கடல்நீர் அந்த ஆவியைக் குளிர்விக்கிறது. இவை ஒன்றோடொன்று கலக்காதபடி அமைக்கப்பட்டிருப்பதால் கதிரியக்கம் முதல் சுற்றுக்குள்ளேயே அடங்குகிறது.

உலை தரும் வெப்பம் சுமார் 3,000 மெகாவாட். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. பெரிய அணுமின் நிலையங்கள் பலவும் கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ இருப்பதற்கு இதுவே காரணம்.

நிறுத்திய பிறகும் தணியாத சூடு

நிலக்கரி அடுப்பை அணைத்தால் வெப்பம் உற்பத்தியாவது நின்றுவிடும். அணு உலை அப்படியல்ல. தொடர்வினை நின்றாலும், பிளவுபட்ட பொருள்கள் கதிரியக்கத்தால் வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இது முழு வெப்பத்தில் ஆறு, ஏழு விழுக்காடு. கூடங்குளம் அளவிலான உலையில் அதுவே சுமார் 200 மெகாவாட். விரைவாகக் குறைந்தாலும், பல நாள் விடாமல் குளிர்விக்க வேண்டும்.

2011 மார்ச் 11-இல் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தாமாகவே நின்றன. ஆனால் ஆழிப்பேரலை அவசர ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால் குளிரூட்டல் நின்றுபோய், மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. இவ்வகை உலைகளின் எரிபொருளில் யுரேனியம்-235 பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு மட்டுமே. அணுகுண்டுக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு தேவை. ஃபுக்குஷிமாவில் வெடித்தது ஹைட்ரஜன் வாயு. ஆனால் கதிரியக்கக் கசிவால் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அஞ்ச வேண்டியது அந்தக் கசிவைத்தான்.

பயன்படுத்திய எரிபொருளையும் பல ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிர்விக்க வேண்டும். அதன்பின் அதை மிக நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும்.

மலேசியாவில்

சிலாங்கூர், பாங்கியில் 1982 முதல் ஓர் அணு உலை இயங்குகிறது. 1 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட அது ஆய்வுக்கும் பயிற்சிக்குமானது; மின்சாரம் தயாரிப்பதில்லை.

நாளை நம் நாட்டில் அணுமின் திட்டம் வந்தால் பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மின்சாரம் முற்றிலும் தடைப்பட்டாலும் உலை எப்படிக் குளிர்விக்கப்படும்? பயன்படுத்திய எரிபொருள் எங்கே வைக்கப்படும்? கண்காணிக்கும் அமைப்பு, நிலையத்தை நடத்துபவரைச் சாராமல் இயங்குமா?