அம்மையநாயக்கனூர் ரயிலடியும் மலைமேல் வீடுகளும்

கொடைரோடு என்பது ரயில் நிலையத்துக்கு அமைந்த பெயர். ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர். பேரூராட்சிக்கு இன்றும் அதே பெயர்தான். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் பாதையில், கிழக்கே சிறுமலை தெரிய நிற்கும் இந்த நிலையத்திலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம். மலையின் பெயர் சமவெளி ஊருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், அங்கே வீடு கட்டவும் வாங்கவும் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகளோ தோட்ட முதலாளிகளோ அல்லர். குறைந்த சம்பளத்தில் வாழ்ந்த பாதிரிமார்கள். கொடைக்கானலின் பழைய வீடுகளைப் புரிந்துகொள்ள இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. அமெரிக்கப் பாதிரிமார்கள் 1816 முதல் அங்கே பள்ளிகளும் தேவாலயங்களும் நடத்திவந்தார்கள். 1834-ல் அவர்களில் சிலர் கடலைத் தாண்டி மதுரைக்கு வந்து அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். தமிழ் பேசத் தெரிந்தே வந்தவர்கள் என்பதால் மொழி அவர்களுக்குத் தடையாக இல்லை. வெயிலும் காலராவும் காய்ச்சலும்தான் தடையாயின. முதல் பத்தாண்டுகளில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலரை மிஷன் புதைத்தது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அருகிலிருந்த சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். ஆனால் சிறுமலை காய்ச்சலுக்குப் பேர்போன மலை. ஓய்வுக்குப் போனவர்கள் அங்கேயே படுத்தார்கள். இன்னும் உயரமான இடம் தேவைப்பட்டது.

பழனி மலையின் மேல்தளத்தை 1821-ல் லெப்டினன்ட் வார்டு அளந்து குறித்து வைத்திருந்தார். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ரோட்டனும் வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். 1845-ல் அமெரிக்க மிஷன் மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டியது. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றது ஷெல்டன். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் எழுந்த அந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் கொடைக்கானல் என்ற நகரத்தின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

மலை அப்போது ஆளில்லாத காடு என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அது சரியன்று. வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு ஆகிய ஊர்கள் ஏற்கெனவே இருந்தன. குன்னுவர்கள் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்தார்கள். பளியர்கள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தார்கள். புலையர்கள் வயல்களில் உழைத்தார்கள். வெள்ளையர் வீடு கட்டிய புல்வெளி அந்த ஊர்களிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. நிலம் மலிவாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கலாமா என்ற கேள்வியும் அந்தக் காலத்தில் புதிதாகவே தீர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நெடுங்காலம் ஐரோப்பியர்கள் விருப்பம்போல் உள்நாட்டில் குடியேறுவதை விரும்பவில்லை. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது. 1837-ஆம் ஆண்டின் நான்காவது சட்டம் அவர்கள் நிலத்தை நிரந்தரமாகவோ குறித்த காலத்துக்கோ வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக்கியது. அதிலிருந்து எட்டே ஆண்டுகளில் கொடைக்கானலின் முதல் வீடுகள் எழுந்துவிட்டன.

ஊர் மெல்லத்தான் வளர்ந்தது. 1852-ல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் வீடு கட்டிக் குடியேறினார். 1860-ல் சென்னை கவர்னர் டிரெவிலியன் வந்தபோது சில வீடுகளே இருந்தன. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து அதில் விட்டார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் அங்கேயே தங்கினார். அதே பத்தாண்டில் சேசு சபையினரும் மலைக்கு வந்து சலேத் மாதா கோயிலைக் கட்டினார்கள். ஏரி வந்தபின் வீட்டு மனைக்கு ஒரு முகம் கிடைத்தது: ஏரியைப் பார்த்த வீடு, பார்க்காத வீடு என்று விலை பிரிந்தது.

உண்மையான திருப்பம் 1875-ல் வந்தது. தென்னிந்திய ரயில்வே திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை போட்டது; அம்மையநாயக்கனூரில் நிலையம் எழுந்தது. சென்னையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ மலைக்குப் போகிற குடும்பம் இனி நாள்கணக்கில் கட்டை வண்டியில் குலுங்க வேண்டியதில்லை. ஆனாலும் ரயிலை விட்டு இறங்கிய பின்தான் பயணத்தின் கடினமான பாதி காத்திருந்தது.

நிலையத்தின் வெளியே மாட்டு வண்டிகள் நிற்கும். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை விரித்து, தாயும் பிள்ளைகளும் படுத்துக்கொள்வார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் புறப்பாடு. வண்டியடியில் தொங்கும் அரிக்கன் விளக்கின் வெளிச்சம் சாலையில் ஆடிக்கொண்டே போகும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக முப்பது மைலுக்கு மேல் போய், பெரியகுளம் அருகே மலையடியிலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் வண்டி நிற்கும். அங்கிருந்து சக்கரம் போகாது. பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான பாதை. ஆண்கள் குதிரையிலோ நடந்தோ ஏறுவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் டோலியில் தூக்கிப் போவார்கள். நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, முன்னும் பின்னும் ஆட்கள் தோள் கொடுப்பார்கள். ஏற்றத்தில் நிற்காமலே தோள் மாற்றிக்கொள்வார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் தலைச்சுமையாகப் போகும். அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே கூலி காட் ரோடு. மலைமேல் ஒரு வீட்டின் விலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூலியாட்களின் தோளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தக் கிரயப் பத்திரத்திலும் இல்லை. ஆனால் சன்னல் சட்டமும் கணப்பு இரும்பும் அவர்கள் சுமக்காமல் மேலே போயிருக்காது.

நீலகிரிக்கு மலை ரயில் வந்தது: 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் உதகை வரை. பழனி மலைக்கு ரயில் ஏறவே இல்லை. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மேஜர் லா திட்டமிட்ட மலைச்சாலை 1875-ல் தொடங்கப்பட்டும் நாற்பதாண்டு இழுத்து, 1910-களின் நடுவில்தான் மோட்டார் ஓடும் நிலைக்கு வந்தது. உதகை சென்னை அரசின் கோடைத் தலைநகரம். அங்கே வாடகையும் பகட்டும் அதிகம். கொடைக்கானல் எட்டாத தூரத்தில் இருந்ததாலேயே சிறிய வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில் நின்றது. ஆற்காடு, மதுரை, யாழ்ப்பாணம், திருவிதாங்கூர் என்று பல இடங்களில் பணிபுரிந்த மிஷன் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் கொடைரோட்டில் வந்து இறங்கின. 1901-ல் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். பள்ளி வந்த பிறகு கோடை வீடு பலருக்கு ஆண்டு முழுதும் வேண்டிய வீடாயிற்று. கருங்கல் சுவர், சரிந்த கூரை, ஒரு கணப்பு, முற்றத்தில் பேரி மரம், வாசலில் எண்ணுக்குப் பதில் ஒரு பெயர்: இதுவே அந்த வீடுகளின் பொது அமைப்பு.

ஏறக்குறைய இதே கதை ஜப்பானிலும் நடந்தது. நகசெண்டோ என்னும் பழைய நெடுஞ்சாலையில் பயணிகள் தங்கும் ஊராக இருந்து நொடித்துப்போன கருயிசாவாவுக்கு, டோக்கியோவில் பணியாற்றிய கனடாக்காரரான பாதிரி அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா 1886-ல் போனார். 1888-ல் ஒரு பழைய வீட்டைப் பெயர்த்து வைத்துத் தம் கோடை வீடாக்கிக்கொண்டார். 1893-ல் உசுய் கணவாயில் பல்சக்கர ரயில் ஏறியது. நீலகிரி ரயிலின் ஏற்றப் பகுதியிலுள்ள அதே ஆப்ட் முறை. ஆனால் ஜப்பானில் 1899 வரை வெளிநாட்டவர் குறிப்பிட்ட குடியிருப்புகளில்தான் வசிக்க முடிந்தது; அதன் பின்னும் நிலத்தைச் சொந்தமாக்க 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொடைக்கானலில் வெள்ளையருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆண்டவர்கள் அவர்கள் இனத்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மலையில் வீட்டோடு கோயிலும் கட்டிய ஒரு வெளிநாட்டவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்து, யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி என்று பெயர் பூண்ட அம்மையார் 1936-ல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பினார். அதன் வாசலில் நின்றால் பழனி தெரியும்.

சுதந்திரத்துக்குப் பின் பல மிஷன் குடும்பங்கள் தாய்நாடு திரும்பின. வீடுகள் சில அறக்கட்டளைகளுக்குப் போயின, சில இந்தியர் கைக்கு மாறின, சில விடுதிகளாயின. வெளிநாட்டவர் வாங்கும் காலத்தை உண்மையில் முடித்தது 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம். 1974 ஜனவரி முதல் தேதியிலிருந்து, இந்தியக் குடிமகன் அல்லாதவர் வீடு, நிலம் வாங்கவோ விற்கவோ தானம் கொடுக்கவோ ரிசர்வ் வங்கியின் அனுமதி கட்டாயமாயிற்று. இது வெறும் சடங்கன்று. பெங்களூரில் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட ஒரு விதவை 1977-ல் அனுமதி பெறாமல் கொடுத்த தானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. பழைய மலைவீட்டை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நிற்காமல் மூலப்பத்திரம்வரை போய், இடையில் வெளிநாட்டவர் பெயர் வந்தால் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

இப்போது நடப்பிலிருப்பது 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர் வீடு வாங்க முடியாது. வேலைக்கோ தொழிலுக்கோ வந்து, முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் தங்கியவர் வாங்கலாம். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை உள்ளவர் வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. மலையில் பேரி, காபித் தோட்டத்தோடு சேர்ந்த வீடுகள் பல என்பதால் இந்தக் கடைசி வரி பலரைத் திரும்ப அனுப்பியிருக்கிறது.

ஜப்பானில் இன்று நிலை தலைகீழ். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள், மொத்தத்தில் 13.8 சதவீதம், காலியாகக் கிடக்கின்றன. ஊராட்சிகளே பட்டியல் போட்டு மலிவாக விற்கின்றன. எந்த நாட்டவரும் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கியதால் அங்கே தங்கும் உரிமை கிடைத்துவிடாது. அங்கே வாங்கிய பின் தங்க வழி தேட வேண்டும்; இங்கே தங்கிய பின்தான் வாங்க வழி பிறக்கும்.

பாகிஸ்தான், சீனா, நேபாளம் உள்ளிட்ட 11 நாடுகள், பகுதிகளின் குடிமக்களுக்கு இங்கே தங்கியிருப்பதும் போதாது. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி அவர்கள் செய்யக்கூடியது, ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை மட்டும். அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. சன்னிசைடையும் ஷெல்டனையும் கட்டிய மிஷன் புறப்பட்டு வந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இன்று கொடைரோட்டில் இறங்கி மலையேறினால், குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிடலாம், ஐந்தாண்டுக் குத்தகைக்கு ஒரு வீடு பிடிக்கலாம். கிரயம் செய்துகொள்ள மும்பையிலிருந்து அனுமதி வர வேண்டும்.