பைச்சுங் பூட்டியாவின் அயலகக் காற்பந்து வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியர் புலம்பெயர்வு பற்றி நம் துறையில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் தோட்டத் தொழிலாளர், வணிகர், எழுத்தர், ஆசிரியர் ஆகியோரைப் பெரிதும் பேசியுள்ளன. விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு, ஒப்பந்த அடிப்படையில் அயல்நாடு சென்றோர் அவற்றில் அருகியே இடம்பெறுகின்றனர். இக்குறையை மனத்திற்கொண்டு, 1999 முதல் 2005 வரை இங்கிலாந்திலும் மலேசியாவிலும் ஆடிய இந்தியக் காற்பந்து வீரர் பைச்சுங் பூட்டியாவின் வாழ்வை இக்கட்டுரையில் நோக்குகிறோம். அவர் அடித்த கோல்களைக் கொண்டு மட்டும் அப்பயணத்தை மதிப்பிடுவது பொருந்துமா என்பதே நாம் எழுப்பும் வினா.

பின்புலம்

பூட்டியா 1976-ஆம் ஆண்டு தெற்குச் சிக்கிமில் உள்ள தின்கிதாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிக்கிம் இந்திய ஒன்றியத்தின் மாநிலமானது 1975-இல்தான். பின்னாளில் இந்திய அணியின் முகமாக விளங்கிய ஒருவர், இந்தியாவோடு புதிதாக இணைந்த மலைநிலத்திலிருந்து வந்தார் என்பது 'இந்தியர்' என்னும் சொல்லைக் கையாளும் நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. உதவித்தொகை பெற்றுக் கேங்டாக்கில் பயின்ற அவர், 1993-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார்.

அக்காலத்து இந்தியக் காற்பந்தில் வங்கி, இரயில்வே, காவல்துறை போன்றவற்றின் குழுக்கள் முதன்மை பெற்றிருந்தன. அவற்றில் ஆட்டக்காரர் முதலில் ஊழியர். அதன் பின்னரே வீரர். ஓய்வூதியத்தோடு கூடிய வேலையைக் கைவிட்டு நிலையற்ற ஒப்பந்தத்தை நாடும் தேவை பலருக்கு எழவில்லை. அயலகக் கழகங்களில் இந்தியர் அரிதாகவே காணப்பட்டமைக்கு ஆட்டத் திறனோடு இந்த வேலை அமைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்திற்காகப் பாதத்தில் துணி சுற்றி வெறுங்காலோடு ஆடிய முகம்மது சலீம், இரண்டு ஆட்டங்களோடு நாடு திரும்பினார். அவருடைய சாதனை வியப்பிற்குரியதாயினும் அஃது ஒரு தொழில்வாழ்வாக வளரவில்லை.

1996-இல் தேசியக் காற்பந்து லீக் தொடங்கப்பெற்றபோது நிலைமை மாறத் தலைப்பட்டது. பஞ்சாபின் பக்வாராவைச் சார்ந்த ஜே.சி.டி. ஆலைக் குழு முதல் பருவத்தில் வாகை சூடியது. அப்பருவத்தில் மிகுதியான கோல் அடித்தவர் பூட்டியா.

இங்கிலாந்துக் காலம்

1999 செப்டம்பரில் பூட்டியா இங்கிலாந்தின் பெரி கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மான்செஸ்டருக்கு வடக்கே அமைந்த பெரி, பருத்தி ஆலைகளால் வளர்ந்த நகரம். பஞ்சாபின் பருத்தி ஆலைக் குழுவில் பெயர் பெற்றவர் லங்காஷயரின் பழைய பருத்தி நகருக்குச் சென்றார். முன்பு மூலப்பொருளும் துணியும் சென்ற தடத்தில் இப்போது ஒரு விளையாட்டுத் தொழிலாளி பயணம் செய்தார்.

பெரி அப்போது ஆங்கிலக் காற்பந்தின் மூன்றாம் அடுக்கில் இருந்தது. 1999 அக்டோபர் 3-ஆம் நாள் கார்டிஃப் நகரக் குழுவிற்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக அவர் களமிறங்கினார். அவரை ஒப்பந்தம் செய்த மேலாளர் நீல் வார்னாக் அவ்வாண்டு டிசம்பரிலேயே வேறு கழகத்திற்குச் சென்றுவிட்டார். முதல் லீக் கோல் 2000 ஏப்ரலில்தான், செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக வந்தது. காயங்களும் குறுக்கிட்டன. மூன்று பருவங்களில் 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள் என்பதே அவருடைய கணக்கு. 2002-இல் கழகமும் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. பூட்டியா தாயகம் திரும்பினார்.

தென்கிழக்காசியக் காலம்

எண்களை மட்டும் நோக்குவோர் இதனைத் தோல்வி எனக் கொள்வர். ஆயின், அடுத்த ஆண்டின் நிகழ்வு அம்முடிவை ஐயுறச் செய்கிறது. 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் கழகப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கலந்துகொண்டது. இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. தெரோ சாசனா குழுவை 3-1 என வென்றது. பூட்டியா 9 கோல்களுடன் அப்போட்டியில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு மலேசியக் கிண்ணப் போட்டிக்காகப் பேராக் குழுவில் குறுகிய காலம் ஆடினார்; 2005-இல் சிலாங்கூர் எம்.கே. லேண்ட் குழுவிலும் இடம்பெற்றார். இந்திய நாளிதழ்கள் பெரிக்குத் தந்த இடத்தில் சிறுபகுதியையும் ஈப்போவும் ஷா ஆலமும் பெறவில்லை. 'அயலகம்' என்பதை ஐரோப்பாவாக மட்டும் காணும் பழக்கமே இதற்குக் காரணம் எனலாம்.

பயணத்தின் விளைவு

2006-இல் இந்தியக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகப் பூட்டியா பொறுப்பேற்றார். ஒப்பந்தம், ஊதியம், காயமுற்றோர் நலன் ஆகியன குறித்து ஆட்டக்காரர்களே கூடிப் பேசும் அமைப்பு அது. ஒப்பந்தத்தின் பாதுகாப்பையும் அதன் நிலையாமையையும் அயல்நாட்டில் நேரில் அறிந்தவர் அதற்குத் தலைமையேற்றது தற்செயலன்று என்பது நம் கருத்து. 2008-இல் அவர் தலைமையிலான இந்திய அணி ஆசியச் சவால் கிண்ணத்தை வென்றது. அதன் பயனாக, 1984-இல் சிங்கப்பூரில் ஆடியபின் 27 ஆண்டுகள் கழித்து, 2011-இல் இந்தியா மீண்டும் ஆசியக் கிண்ணத்தில் ஆடியது.

அவருக்குப் பின் சுனில் சேத்ரி அமெரிக்காவிற்கும் போர்ச்சுகலுக்கும், குர்பிரீத் சிங் சந்து நார்வேக்கும் சென்றனர். 2020-இல் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்தார்.

முடிவுரை

பூட்டியாவை வளர்த்த ஜே.சி.டி. குழு 2011-இல் கலைக்கப்பட்டது. பெரி கழகம் 2019-இல் ஆங்கிலக் காற்பந்து லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவர் ஆடிய கழகங்கள் நிலைகுலைந்தன. வேலையோடு பிணைந்த ஆட்டக்காரர், ஒப்பந்தத்தோடு நடமாடும் தொழில்முறை வீரராக மாறியதன் தடம் மட்டும் நிற்கிறது. 'ஒப்பந்தம்' என்னும் சொல் நம் முன்னோர் வரலாற்றில் சுமந்த பொருளை நாம் அறிவோம். ஒருவர் தம் உழைப்பின் விலையைத் தாமே பேசிக் கையொப்பமிட்டுக் கடல் கடந்த இவ்வரலாறும் அதனருகே வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும். பேராக், சிலாங்கூர் ஆட்டங்களைக் கண்டோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நினைவுகளைத் திரட்டும் பணியை நம் மாணவரிடம் ஒப்படைப்பது காலத்தாற் செய்யத்தக்கதாகும்.