கண்டி ஓவியரும் கொழும்புக் குழுவும்

கண்டியின் விகாரைச் சூழலே ஜோர்ஜ் கீற்றை ஓவியராக்கிற்று என்பர். அது பாதி உண்மையே. 1901இல் கண்டியிற் பிறந்து திரித்துவக் கல்லூரியிற் பயின்ற அவர், மல்வத்தை விகாரையின் அயலில் வாழ்ந்து பௌத்த மரபை அறிந்தார். ஓவியத்தையோ பெரும்பாலும் தாமே கற்றார். பிக்காசோவின் கோடுகளும் கீழைத்தேயச் சிற்ப வடிவங்களும் அவர் தீட்டிய மாந்தர் உருவங்களில் ஒன்று கலந்தன. பொரளைக் கோதமி விகாரைச் சுவர்களில் 1939-40இல் அவர் வரைந்த புத்தர் சரிதம் இதற்குச் சான்றாகும்.

ஆயின் ஓவியத்துக்குக் காண்போரும் வேண்டும். இலங்கைக் கலைச் சங்கத்தின் கண்காட்சிகளில் மேனாட்டுக் கல்விக்கூட நெறியே செல்வாக்குற்றிருந்தது. அந்நெறியினின்று விலகியோருக்குக் களம் அமைத்தது, 1943 ஆகஸ்டிற் கொழும்பில் உருவான ‘43 குழு’. ஓவியரை இவ்வாறு ஒன்றுசேர்ப்பதில் முன்னின்றவர் லயனல் வென்ட் என்ற ஒளிப்படக் கலைஞர் என்பது நோக்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பரிலேயே முதற் கண்காட்சி நிகழ்ந்தது. கீற்றுடன் ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்த மஞ்சுசிறி முதலியோர் குழுவில் இருந்தனர். ஒருவர் பாணி மற்றவரிடம் இல்லை. குழுவின் வலிமையே அதுதான் எனலாம். 1944இல் வென்ட் மறைந்தார். ஹரி பீரிஸ் பணியைத் தொடர்ந்தார்; 1952இல் குழுவின் ஓவியங்கள் இலண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.