அம்பத்தூருக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன உறவு?

சென்னையின் கடல் காசிமேட்டிலும் மெரினாவிலும் இருக்கிறது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அங்கிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நீர் என்றால் ஏரி: அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம். ராணுவம் என்றாலும் இங்கே நிலப்படையின் நினைவுதான். பூந்தமல்லி ஆங்கிலேயர் காலத்துப் படை முகாம். ஆவடி டாங்கியின் ஊர். ஆனாலும் மாதிரிப் போர்க்கப்பல் கட்டும் கலை தமிழ்நாட்டில் வேர்பிடிக்க வேண்டுமானால் அதற்கு மிகப் பொருத்தமான இடம் இந்த மேற்குப் புறநகர்தான் என்பது என் வாதம். இது ஊர்ப்பற்றில் சொல்வதல்ல. மாதிரிக் கப்பலின் வரலாற்றைப் பார்த்தால், அது கடற்கரையை நம்பி வளர்ந்ததைவிடப் பட்டறையை நம்பி வளர்ந்ததே அதிகம் என்று தெரிகிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிட வேண்டும். மாதிரிக் கப்பல் என்றதும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடுகிறோம். 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள் பெரும்பாலும் 1:48 அளவில், விலா மரங்கள் வெளியே தெரியும்படி கட்டப்பட்டவை. வரைபடத்தைப் படிக்கத் தெரியாத அதிகாரிக்கும் கப்பலின் உடல்வாகு அவற்றில் விளங்கியது. 1872இல் வில்லியம் ஃப்ரூட் டார்க்கி நகரில் நீர்த்தொட்டி கட்டி, மெழுகில் வார்த்த மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கும் என்று கணக்கிடும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் மாலுமிகளும் விமானிகளும் எதிரிக் கப்பலை நிழலுருவம் பார்த்தே அடையாளம் காணப் பழகியது 1:1200 அளவிலான சின்னஞ்சிறு மாதிரிகளை வைத்துத்தான். இந்த மரபு நம் ஊரிலும் உண்டு. அஜந்தா ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டி, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கௌண்டின்யா’ பாய்மரக் கப்பலின் மாதிரியைச் சோதித்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. வரைபடமே இல்லாத பழைய கப்பல் அது. மாதிரியில் சோதித்துப் பார்த்த பிறகே அதன் வடிவத்தைக் கணக்கோடு நம்ப முடிந்தது.

இந்த மாதிரிகளைச் செய்தவர்கள் யார் என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாதிரிக் கப்பலுக்குப் பெயர்பெற்றிருந்தது பாசெட்-லோக் நிறுவனம். போர்க்காலத்து அடையாள மாதிரிகளையும் அது செய்தது. நிறுவனம் இருந்த நார்தாம்ப்டன் இங்கிலாந்தின் நடுவில், கடலுக்கு எட்டாத தூரத்தில் உள்ள செருப்புத் தொழில் நகரம். அதைத் தொடங்கியவர் கொதிகலன் செய்யும் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்தது ஜப்பானின் ஷிசுவோகா. அங்கே கடல் உண்டு. ஆனால் அது கூரே, யோகோசுகா போலக் கடற்படைத் தளம் அல்ல, மரவேலைக்குப் பெயர்போன ஊர். டாமியா நிறுவனம் 1946இல் அங்கே மர வியாபாரமாகத்தான் தொடங்கியது. மர மாதிரிகள் செய்து, 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டாக 1:800 அளவில் யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டது. அது எதிர்பார்த்தபடி போகவில்லை. அடுத்து வந்த பாந்தர் டாங்கி மாதிரிதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக அதற்கு வைத்த 1:35 என்ற அளவு இன்று உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகளின் பொது அளவாகிவிட்டது. 1971இல் டாமியா, ஆவோஷிமா, ஹசேகாவா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் ஜப்பானியக் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் 1:700 வரிசையைத் தொடங்கின. இந்த இரண்டு ஊர்களிலும் முதலில் இருந்தது கைத்தொழில். கப்பல் அதன்மேல் பிறகு வந்து அமர்ந்தது.

இனி அம்பத்தூருக்கு வருவோம். 1949இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து இங்கே டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ் சைக்கிள் இந்த மண்ணிலிருந்துதான் தென்னாட்டு வீதிகளுக்குப் போனது. அறுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வாகன உதிரிபாக ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965 முடியும்போது அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. இந்தப் பெரிய ஆலைகளுக்குத் தேவையான டை, மோல்டு, ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாவற்றையும் செய்துகொடுக்க, தொழிற்பேட்டையின் தெருக்களில் நூற்றுக்கணக்கான சிறு டூல் ரூம்கள் முளைத்தன. 1976இல் டாங்கி ஆராய்ச்சிக்காக சி.வி.ஆர்.டி.இ. ஆவடிக்கு வந்தது. இந்த வரலாற்றை வேலைவாய்ப்புக் கணக்காக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். நான் அதை ஒரு கைப்பழக்கத்தின் வரலாறாகப் படிக்கிறேன். வரைபடத்தைப் பார்த்து உலோகத்தில் உருவம் எடுப்பவர்கள், நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உருப்படியே வீண் என்பதை அறிந்தவர்கள், மூன்று தலைமுறையாக இங்கே குடியிருக்கிறார்கள்.

இந்தத் தொழில்களில் மாதிரிக் கப்பலுக்கு மிக நெருங்கியது பேட்டர்ன் செய்யும் வேலை. வார்ப்புப் பட்டறைக்குப் போகும் முன் பல உருப்படிகள் முதலில் தேக்கில் பிறக்கின்றன. பேட்டர்ன் செய்பவரின் அளவுகோல் சாதாரண அளவுகோல் அல்ல. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், நூறு மில்லிமீட்டர் வார்ப்பிரும்புத் துண்டு வேண்டுமென்றால் மரத்தை ஏறக்குறைய நூற்றொரு மில்லிமீட்டருக்குச் செதுக்க வேண்டும். அலுமினியத்துக்கு இன்னும் சற்றுக் கூட. அந்தச் சுருக்கம் கோலிலேயே சேர்த்துக் கோடிடப்பட்டிருக்கும். வளைவுகளுக்கு அட்டையிலோ தகட்டிலோ டெம்ப்ளேட் வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, இடுக்கில் ஒளி கசியாத வரை இழைப்பார்கள். மரக் கப்பல் மாதிரியின் உடலைச் செய்யும் முறையும் இதேதான்: பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, வெட்டுமுக வரைபடத்துக்கு டெம்ப்ளேட் வைத்துச் செதுக்குவது. இனி பீரங்கியைப் பாருங்கள். 2016 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை 163 மீட்டர் நீளம்; 1:350 அளவில் அது 46.6 சென்டிமீட்டர். அதன் முன்தளத்திலுள்ள 76 மில்லிமீட்டர் பீரங்கியின் குழல் 62 காலிபர் நீளம், அதாவது சுமார் 4.7 மீட்டர். மாதிரியில் அது பதின்மூன்றரை மில்லிமீட்டர். வாயின் துளை 0.2 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் இதை நேராக வார்ப்பது கடினம். பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்துக் கடைந்தால்தான் சரியாக வரும். கடற்கரைச் சாலையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது.

காசிமேட்டில் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டும் ஆசாரிகள் இருக்கிறார்களே, கப்பலைப் பற்றி அவர்களைவிட அம்பத்தூர்க்காரருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டுமரத்தையும் மசூலாப் படகையும் அலைக்கு ஏற்றபடி வடித்தெடுத்த அறிவுக்கு எந்தப் பொறியியல் படிப்பும் ஈடாகாது. மரபுப் படகுகளின் மாதிரிகளைச் செய்ய அவர்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை. அந்த மாதிரிகளும் அவசரமாகச் செய்யப்பட வேண்டியவை, ஏனெனில் 2004 சுனாமிக்குப் பிறகு எஃப்.ஆர்.பி. என்னும் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பரவி, மரப் படகுகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் அந்த அறிவு கண்ணிலும் கையிலும் இருப்பது, முழு அளவில் வேலை செய்வது. போர்க்கப்பல் மாதிரி வேறு வகை. ஆயிரக்கணக்கான பாகங்களை வரைபடத்திலிருந்து ஒரே விகிதத்தில் குறைத்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்வது அது. அந்தத் திறன் டூல் ரூமுக்கு உரியது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பட்டறை மட்டும் போதுமென்றால் அம்பத்தூர் ஏன் ஷிசுவோகா ஆகவில்லை? அறுபது ஆண்டுகளில் இங்கிருந்து பேர்சொல்லும் ஒரு போர்க்கப்பல் கிட்டாவது கடைக்கு வந்திருக்க வேண்டாமா? கை இருந்தது, கேட்பவர் இல்லை என்பதே என் பதில். ஊசி வார்ப்புக்கான எஃகு மோல்டு ஒன்றின் செலவை ஈடுகட்ட ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். உபரிப் பணமும் ஓய்வு நேரமும் உள்ள வாடிக்கையாளர் கூட்டம் அறுபதுகளின் ஜப்பானில் உருவாகிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் இங்கே தொழிற்பேட்டையின் பட்டறைகள் ஜாப் ஒர்க்கை நம்பியே வாழ்ந்தன. அடுத்தவர் தரும் வரைபடம், அடுத்தவர் சொல்லும் விலை, மாதக் கடைசியில் வராத பில். தனக்கென்று ஒரு பொருளை வடிவமைக்க அந்த வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை. ஷிசுவோகாவின் நால்வர் போலப் போட்டியாளர்கள் கூடிக் கப்பல்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இங்கே அமையவில்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுமையாக நீங்கின; அதுவரை ஒரு நல்ல வெளிநாட்டு கிட்டைக் கையில் எடுத்துப் பார்த்து ஆசைப்படும் வாய்ப்பே இங்குள்ளவர்களுக்கு அரிது. ஆக, அம்பத்தூரில் கிட் பிறக்காதது திறமைக் குறைவுக்குச் சான்றாகாது. அது பொருளாதாரத்தின் கதை.

இப்போது அந்தப் பொருளாதாரம் மாறியிருக்கிறது. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. அளவு மாதிரிகளும் அதே சுங்கத் தலைப்பில் வருபவைதாம். வெளிநாட்டு கிட் வாங்குவதைவிடச் சொந்தமாகக் கட்டுவதற்கு இது ஒரு தூண்டுதல். முப்பரிமாண அச்சு வந்துவிட்டது, இனி பட்டறை எதற்கு, அடுக்குமாடி வீட்டு மேசையிலேயே கப்பல் பிறக்குமே என்று இங்கே ஒரு மறுப்பு எழும். ரெசின் அச்சு பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய கொடிமரம் ரெசினில் அச்சிட்டால் நாளடைவில் வளைந்துவிடும். அதற்குப் பித்தளைக் கம்பிதான் வேண்டும். கைப்பிடிக் கம்பிகளும் ராடார் வலைகளும் மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுப்பவை. மின்சுற்றுப் பலகையின் செம்பை அரிக்கும் அதே ஃபெரிக் குளோரைடு இதற்கும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சு எந்திரத்துக்குக் கொடுக்கக் கணினியில் கப்பலை வரைந்தாக வேண்டும். அந்த வரைவுதான் உழைப்பின் பெரும்பகுதி. அப்படிக் கணினியில் (கேட்) வரையத் தெரிந்தவர்களுக்கு அம்பத்தூரில் பஞ்சமில்லை.

எந்தக் கப்பலை வரைவது என்று கேட்டால், ஐ.என்.எஸ். அர்னாலாவைச் சொல்வேன். அது சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில் 2022 டிசம்பர் 20 அன்று நீரில் இறக்கப்பட்டு, 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல். நீளம் 77.6 மீட்டர்; நீரில் இறக்கியபோது அறிவித்த இடப்பெயர்ச்சி 900 டன், வேகம் 25 நாட். 1:350 அளவில் 22 சென்டிமீட்டர்தான், முதல் முயற்சிக்கு அடக்கமான உருவம். நீர்மட்ட மாதிரியாகக் கட்டினால் அடியிலுள்ள நீர்த்தாரை உந்திகளின் சிக்கலும் இல்லை. ஏரியில் ஓட விரும்புகிறவர் 1:100 எடுக்கலாம். அப்போது நீளம் 77.6 சென்டிமீட்டர்; எடையோ மூன்று பரிமாணத்திலும் குறைவதால் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 900 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கப்பல் தன் நீர்க்கோட்டுக்குக் கீழே அமிழும். ஆகவே உடலை மெல்லிய எஃப்.ஆர்.பி.யில் வார்க்க வேண்டும். ஃப்ரூட் கண்ட விதிப்படி வேகம் விகிதத்தின் வர்க்கமூலமாகக் குறையும்: 25 நாட்டுக்கு இங்கே இரண்டரை நாட், மனிதர் நடக்கும் வேகம். அதைவிட விரைந்தால் அலை பொருந்தாமல் பொம்மையாகத் தெரியும். ஆதாரத்துக்குக் கப்பலை இறக்கும் நாளிலும் படையில் சேர்க்கும் நாளிலும் அரசு வெளியிடும் படங்களும் அளவுகளுமே முதல் துணை. எந்தத் தேதியின் தோற்றத்தைக் கட்டுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது அவசியம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் கப்பலுக்குப் புகைபோக்கி மூன்று. அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஆங்கிலக் கப்பலாக வேடமிட்டு நுழைந்தபோது நான்கு, நான்காவது போலி. தேதி தெரியாமல் அந்தக் கப்பலைச் சரியாகக் கட்ட முடியாது. இன்னொன்று, நம் ஊர் வானிலை: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் வண்ணம் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். வண்ணப் பூச்சைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

என்.சி.சி. கடற்படைப் பிரிவின் அகில இந்திய நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி கட்டுவது இன்றும் ஒரு போட்டி. அதற்குத் தயாராகும் மாணவர்கள் இருக்கிறார்கள். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஓய்வுபெற்ற பேட்டர்ன் ஆசாரிகளும் டூல் ரூம் ஃபிட்டர்களும் இந்தப் புறநகரின் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லேத்தையும் ஒரு வேலைமேசையையும் திறந்துவிட்டால், அடுத்த தைக்குள் அர்னாலா அம்பத்தூரிலும் நீரில் இறங்கும்.